புரை முற்றட்டும்

ஜன்னல் கண்ணாடியைத் துடைக்கப் பழைய செய்தித்தாளை மிஞ்சியது எதுவும் இல்லை. துணி போட்டுத் துடைத்தால் நூல் ஒட்டிக்கொள்ளும். கடையில் விற்கிற பஞ்சு தண்ணீரைக் குடிக்குமே தவிர அழுக்கை எடுக்காது. செய்தித்தாளைக் கசக்கி, லேசாக நனைத்து, வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். உங்கள் அறை ஜன்னலைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காவல் நிலையத்துக்கு வருகிறவர்கள் வெளியே வேடிக்கை பார்க்க வருவதில்லை என்று எனக்கும் தெரியும்.

எங்கள் வீட்டு ஜன்னலை நீங்கள் பார்க்க வேண்டும். மூன்றாவது மாடி, சதுக்கத்தைப் பார்த்த பெரிய ஜன்னல். கீழே டிராம் நிறுத்தம், தண்ணீர் வந்தே பார்த்திராத நீரூற்று, எதிரே மணிக்கூண்டு, அதன் காலடியில் பூக்கடை, அதற்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கிறவர். உங்கள் ஆள் ஒருவர் நடுவில் நின்று விசில் ஊதிக்கொண்டே இருப்பார். வண்டிகள் அவரைச் சுற்றிக்கொண்டு தங்கள் இஷ்டப்படி போகும். பார்க்கப் பொழுது போகும் இடம்தான்.

எழுதுகிறவரைக் கொஞ்சம் நிதானமாக எழுதச் சொல்லுங்கள். நான் எங்கேயும் ஓடவில்லை. நான் பேசுவதை எழுதிக்கொள்வது சுலபம். குடிநீர் அலுவலகத்தில் புகார் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே என் காலம் போயிற்று. காலி வாளியை மேஜைமேல் வைத்துக் கத்துகிறவர்களிடம், குழாயில் புழு வருகிறது என்று புழுவையே கொண்டுவந்து காட்டுகிறவர்களிடம், குரலை உயர்த்தாமல் ஒரே பதிலைச் சொல்லுவேன்: ஆவன செய்யப்படும். எதுவும் செய்யப்படாது. ஆனால் கேட்டவர்கள் கொஞ்சம் சாந்தமாகப் போவார்கள். அதுவும் ஒரு சேவைதானே.

அந்தச் சம்பளத்தில்தான் என் தம்பி ஓவியனாக இருந்தான்.

சின்ன வயதில் நாங்கள் இருவருமே வரைவோம். அப்பா ஒருநாள் வண்ணப்பெட்டி வாங்கிவந்தார். ஒரு பெட்டிதான். அதைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, என்னிடம் பென்சில் சீவும் கத்தியைக் கொடுத்தார். "நீ பெரியவ, அவனுக்குச் சீவிக் கொடு" என்றார். நான் அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. நன்றாகச் சீவிக் கொடுத்தேன்.

தம்பி பிறகு அந்த ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்தான், எழுந்திருக்கவே இல்லை. வரைந்ததெல்லாம் சதுக்கம்தான். டிராமின் எண்ணை நீங்கள் படிக்கலாம். பூக்காரியின் கூடையில் எந்தப் பூ வாடிவிட்டது என்று சொல்லலாம். செருப்புத் தைக்கிறவரின் சட்டையில் எந்தப் பொத்தான் விட்டுப்போயிருக்கிறதோ, அந்த இடத்தில் நூல் தொங்குவது வரை போட்டுவிடுவான். வந்து பார்த்தவர்கள் எல்லாரும், "அப்படியே போட்டோ மாதிரி இருக்கு" என்று பாராட்டுவார்கள். டீ குடிப்பார்கள். போய்விடுவார்கள். போட்டோவுக்கு யார் ஓவியனைத் தேடுவார்கள்? ஒரு படமும் விற்கவில்லை. கட்டிலுக்கு அடியில் சதுக்கம், அலமாரிக்கு மேலே சதுக்கம், குளியலறைக்குப் போகிற வழியெல்லாம் சதுக்கம். குளிக்கப் போனால் ஊரே திரும்பி நின்று நம்மைப் பார்க்கும்.

இதற்கு நடுவில் அவனுக்குக் கல்யாணம் வேறு நடந்தது. பெண் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நல்ல பெண்தான், குறை சொல்லமாட்டேன். எதையும் இரண்டு தரம் சரிபார்க்கிற ஜாதி. வந்த அன்றைக்கே என் சமையலறையில் டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினாள். "இப்படி இருந்தா எடுக்கச் சுலபம் அண்ணி" என்றாள். நானும் சுலபம்தான் என்றேன். மறுநாள் பழையபடி அடுக்கி வைத்தேன். மூன்று பேரும் ஒற்றுமையாகவே இருந்தோம்.

அவன் ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒரு காலையில், "அக்கா, ஜன்னலைத் துடைக்கலையா? ஒரே பனியா இருக்கு" என்றான். நான் அப்போதுதான் துடைத்து முடித்திருந்தேன். செய்தித்தாள் இன்னும் கையில் ஈரமாக இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. யாரும் என் ஜன்னலைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை. கோபத்தில் அவன் முகத்தைப் பார்த்தேன். கண்மணியின் கறுப்பில் பால் கலந்த மாதிரி ஒரு சாம்பல் தெரிந்தது. அதற்குப் பிறகு எனக்குக் கோபம் வரவில்லை.

அவன் பாட்டுக்கு வரைந்துகொண்டிருந்தான். ஆட்கள் ஆட்களாக இல்லாமல் அழுக்குக் கறைகளாக ஆனார்கள். டிராம் ஒரு மஞ்சள் நீளமாக ஆனது. மணிக்கூண்டு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. டீச்சர் பார்த்துவிட்டு, "என்னங்க, அவசரமா போட்டீங்களா?" என்றாள். அவனுக்கு அது கேலி என்று புரியவில்லை. ஏன் என்றால் அவன் பார்த்தது அப்படியே படத்தில் இருந்தது.

எங்களுக்குக் கீழ் மாடியில் ஒரு பல் டாக்டர். அவரிடம் வந்த ஒரு பெரிய மனிதர் வலியில் ஒரு மாடி அதிகமாக ஏறிவிட்டார். வெல்வெட் கோட்டு, வீங்கின கன்னம், கன்னத்தில் கைக்குட்டை. கதவு திறந்திருந்ததால் நேரே உள்ளே வந்து ஈரம் காயாத அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். பல்வலிக்காரர் வாயைத் திறந்து நின்றால் டாக்டர் வீடு என்று நினைத்துவிட்டார் என்றுதானே தோன்றும்? நான், "கீழ் மாடி சார்" என்றேன்.

"ஷ்ஷ்" என்றார். பிறகு, "இதுல ஒரு மூட்டம் இருக்கும்மா" என்றார். "இத்தனை வருஷம் எங்கே ஒளிஞ்சிருந்தார் இந்த மனுஷன்?"

ஒளியவில்லை, ஜன்னலுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தான் என்று சொல்ல நினைத்தேன். அவர் ஊரிலேயே பெரிய ஓவியக் கூடத்துக்குச் சொந்தக்காரர். அன்றைக்குப் பல்லைப் பிடுங்காமலேயே போனார், படத்தை எடுத்துக்கொண்டு.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும், நீங்கள் பத்திரிகை படிக்கிறவராக இருந்தால். 'வெறும் பார்வையைக் கடந்த கலைஞர்' என்று எழுதினார்கள். ஓரளவுக்கு உண்மை. 'மக்கள் கூட்டத்தை உருவங்களாக அல்ல, ஏக்கங்களாகக் காண்கிறார்' என்று ஒருவர். 'நகர வாழ்வின் நிச்சயமின்மை' என்று இன்னொருவர். எதிரே வருகிற டிராம் எத்தனாவது நம்பர் என்று தெரியாமல் இருந்தால் நிச்சயமின்மைதான், வேறென்ன? குளியலறை வழியில் கிடந்த பழைய படங்களை யாரும் கேட்கவில்லை. பொத்தான் தெரிகிற படம் யாருக்கு வேண்டும்?

நான் பொறுப்பில்லாதவள் இல்லை. அவனைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனது நான்தான். டீச்சர் பள்ளிக்கூடம் போயிருந்தாள். பரிசோதனை முடித்ததும் அவனை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் அம்மா என்னிடம் பேசினார்.

"ரெண்டு கண்லயும் புரை. பயப்பட ஒண்ணுமில்ல. சின்ன ஆபரேஷன். அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம். புது ஆளா ஆயிடுவார்."

எனக்குப் புது ஆள் தேவையில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? பழைய ஆள்தான் திரும்பி வருவான், பொத்தானோடு. "கலந்து பேசிட்டு வர்றோம் டாக்டர்" என்றேன்.

வெளியே வந்ததும் தம்பி கேட்டான். "என்னக்கா சொன்னாங்க?"

"புரைதானாம். இப்பத் தொடக்கூடாதாம். முற்றட்டும்னாங்க."

"முற்றினா?"

"முற்றினப்புறம் பார்த்துக்கலாம்டா."

ஆவன செய்யப்படும். அவன் நிம்மதியாகத் தலையாட்டினான். ஊசி என்றால் சின்ன வயதிலேயே அவனுக்கு உயிர் போகும். நான் அவன் பயத்தைப் போக்கினேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து டீச்சரிடமும் அதையே சொன்னேன். அவள் ஒருதரம், "இந்தக் காலத்துல முற்றவிட மாட்டாங்களே அண்ணி?" என்றாள். "நீ கணக்கு டீச்சர், அவங்க கண் டாக்டர்" என்றேன். அதோடு விட்டுவிட்டாள். அதன் பிறகும் அவள் கேட்கும்போதெல்லாம், டாக்டரிடம் போய்வந்தோம், இன்னும் முற்றவில்லை என்று சொல்லிவிடுவேன். டாக்டரிடம் போனதாகச் சொன்ன வேளையில் நானும் தம்பியும் பூங்காவில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருப்போம். டாக்டர் ஊரில் இல்லையாம், மருத்துவமனையில் கூட்டமாம் என்று அவனிடம் சொல்ல ஏதாவது கிடைத்துவிடும். அவனும் அங்கே போகாத வரைக்கும் சந்தோஷம்.

புரையும் சொன்ன பேச்சுக் கேட்டு முற்றியது. ஒரு கட்டத்தில் அவனுக்கு நிறங்கள் குழம்ப ஆரம்பித்தன. வண்ணக் குழாயைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பான்.

"அக்கா, இது சிவப்புதானே?"

முதலில் சரியாகத்தான் எடுத்துக் கொடுத்தேன். ஒருநாள் சிவப்புக் கேட்டான். படத்தைப் பார்த்தேன். அந்த இடத்தில் சிவப்பு வந்தால் கெட்டுவிடும் என்று எனக்குத் தோன்றியது. ஏன் என்று கேட்காதீர்கள், ஓவியத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. "சிவப்புதான்டா" என்று சொல்லி, ஒரு மங்கலான நீலத்தை எடுத்துக் கொடுத்தேன். பூக்கடை முழுவதும் நீலமாகிவிட்டது. ஒரு பெருமூச்சு மாதிரி இருந்தது. வெல்வெட்காரர் அதைப் பார்த்துக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த முறை பல்லில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு அவன் கேட்டதை நான் கொடுத்ததே இல்லை. எது வேண்டுமோ அதைக் கொடுத்தேன். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்டா" என்பேன். "போதும், அங்க நிறுத்து" என்பேன். பார்வை சரியில்லாதவனுக்கு ஒத்தாசை செய்வதில் என்ன தப்பு? பத்திரிகைகள் அதை 'நீலப் பருவம்' என்றன. கலைஞரின் அந்தரங்கத் துயரம் என்றன. தம்பிக்கு அப்போது ஒரு துயரமும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டான், நன்றாகத் தூங்கினான். எதிர்ப்பட்ட மேஜையில் எல்லாம் இடித்துக்கொண்டான்.

இந்தச் சமயத்தில்தான் நகராட்சியின் புதிய அருங்காட்சியகத்துக்கு ஒரு சுவர் அளவுக்குச் சதுக்கம் வேண்டும் என்று கேட்டார்கள். ஆறு ஆள் சேர்ந்து துணிச்சட்டத்தை மாடிக்குத் தூக்கி வந்தார்கள். பெரிய அறையில் கட்டிலை எடுத்துவிட்டு அதை நிறுத்தினோம். தம்பியும் நானும் அதில் இறங்கினோம். மாலை வேளை, மழை நின்ற கையோடு சதுக்கம். ஈரத் தரையில் விளக்குகள் கரைந்து ஓடும். நூற்றுக்கணக்கான ஆட்கள், ஒருவருக்கும் முகம் கிடையாது. நான் வாழ்க்கையில் பார்த்த அழகான பொருள் அது. பாதி வரை வந்திருந்தது.

அப்போதுதான் டீச்சரின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. கண் டாக்டர் அம்மாவின் மகன் அவள் வகுப்பிலாம். உலகத்தில் எத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது, பாருங்கள். மகனுடைய மார்க்கைப் பற்றிப் பேசி முடித்ததும் டாக்டர் அம்மா, "உங்க வீட்டுக்காரர் ஏன் அப்புறம் வரவே இல்ல? அன்னைக்கே செஞ்சிருக்கலாமே" என்று கேட்டுவிட்டார்.

அன்று மாலை அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"முற்றட்டும்னு டாக்டர் சொல்லவே இல்லையாமே அண்ணி."

"எனக்கு அப்படித்தான் காதுல விழுந்துது."

"அதுக்கப்புறம் நீங்க அங்க போகவே இல்லையாமே."

நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கத்தவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னாள். அதே வாரத்தில் அவனை அழைத்துக்கொண்டு போய் வலது கண்ணில் ஆபரேஷன் செய்துவிட்டு வந்தாள். இடது கண்ணை அடுத்த மாதம் செய்வதாகப் பேச்சு.

கண்கட்டைப் பிரித்துவிட்டு அவன் வீட்டுக்குள் வந்த காட்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதலில் டீச்சரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். "உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?" என்று அவள் தலையைத் தடவினான். அவள் அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். பிறகு என்னைப் பார்த்தான். "அக்கா, நீ அப்படியே இருக்க" என்றான். ஜன்னலுக்கு ஓடினான். டிராம் எண்களைச் சத்தமாகப் படித்தான். செருப்புத் தைக்கிறவருக்குப் பதில் அவர் மகன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "ஐயோ, பெரியவர் போயிட்டாரா, யாரும் சொல்லலையே" என்றான். அதன் பிறகுதான் திரும்பிப் பெரிய படத்தைப் பார்த்தான்.

சிரித்தான். நீங்கள் நினைக்கிற மாதிரி கசப்பாகச் சிரிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு.

"யாருக்கா இது போட்டது? கஞ்சியக் கொட்டிக் காலால தேய்ச்ச மாதிரி இருக்கு!"

"நீதான்டா."

"நானா? பூக்கடையில எதுக்கு நீலம்? சிவப்புதானே கேட்டேன் உன்கிட்ட?"

 அவன் என் முகத்தைப் பார்த்தான், புதுக் கண்ணால். கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்குப் புரிந்தது. அப்போதாவது கோபப்பட்டிருக்கலாம். மறுபடியும் சிரித்தான். "அப்ப ஊரெல்லாம் பாராட்டினது உன்னையும் என் புரையையும்தானா? அடி அக்கா!" என்று என் தோளைத் தட்டினான். "திறப்பு விழாவுல இதைச் சொல்லிடணும். வயிறு வலிக்கச் சிரிப்பாங்க. வெல்வெட்காரர் மூஞ்சிய நான் பார்க்கணும், இப்பத்தான் கண்ணு தெரியுதே."

மறுநாளே மெல்லிய தூரிகை ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். டிராம் நிறுத்தத்தில், அந்த மூட்டத்துக்கு நடுவில், டீச்சரை வரைந்தான். குடை, கைப்பை, கைப்பையிலிருந்து எட்டிப் பார்க்கிற விடைத்தாள் கட்டு, நரைமுடி, இடது செருப்பின் வார் அறுந்து ஊக்கு குத்தியிருப்பது, எல்லாம். அவள் டிராமுக்காகக் காத்திருக்கவில்லை, யாரோ மாடியிலிருந்து கூப்பிட்ட மாதிரி நிமிர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நன்றாக இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் சொல்கிறேன், அது அந்த மூட்டத்தைக் கொன்றுவிட்டது. இனி ஒவ்வொரு ஆளாக இப்படி முழிக்க வைப்பேன் என்றான். நூற்றுக்கணக்கான ஆட்கள் என்று சொன்னேன் அல்லவா?

நான் யோசித்தேன். அவசரப்படுகிறவள் இல்லை நான். அவன் பெயர் என்ன ஆகும்? ஊர் சிரிக்காதா? வாழ்நாளெல்லாம் கஷ்டப்பட்டவனுக்குக் கடைசியில் கிடைத்த மரியாதை அது. அவனுக்கு அதைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியவில்லை. அவனுக்கு எதுவுமே தெரியாது, சின்னதிலிருந்தே நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

வலது கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். சீழ் பிடிக்காமல் இருக்க. பகலில் நான் விட வேண்டும், மாலையிலும் படுக்கும்போதும் டீச்சர் விடுவாள். நான் மருந்தைத் தொட்டியில் கொட்டினேன். மேஜையில் ஒரு பூ ஜாடி இருந்தது. அவன் கண் திறந்ததற்கு டீச்சர் வாங்கி வைத்த பூ, வாடித் தண்ணீர் பச்சையாகியிருந்தது. அதிலிருந்து மேலாகத் தெளிந்ததை எடுத்துச் சீசாவில் நிரப்பினேன்.

அமிலம், கிமிலம் என்று எதையும் நான் தொடவில்லை. அதையெல்லாம் செய்கிறவர்கள் வேறு ரகம். தண்ணீர்தான். குடிநீர் அலுவலகத்தில் இருந்தவளுக்குத் தண்ணீரைப் பற்றித் தெரியும், அவ்வளவுதான். அதோடு எல்லாவற்றையும் நானே செய்தேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். பாதிச் சொட்டுகளை விட்டது டீச்சர். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை இரண்டு விரலால் விரித்து, "ஆடாதீங்க, ஆடாதீங்க" என்று கொஞ்சிக்கொண்டே விடுவாள். மருந்து நேரம் தவறக்கூடாது என்று சரிபார்ப்பாள். நானும் தவறாமல் விட்டேன்.

கண் சிவந்தது. வலிக்கிறது என்றான். "புதுக் கண்ணு, அப்படித்தான் இருக்கும்" என்றேன். டீச்சர் அன்று மாலையே டாக்டரிடம் இழுத்துப் போயிருப்பாள், ஆனால் பள்ளியில் பரீட்சை, வர நேரமாகிவிட்டது. மறுநாள் போனபோது உள்ளே சீழ் கட்டிவிட்டிருந்தது. அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் சீசாவைக் கழுவி, கடையில் வாங்கிய புது மருந்தை அதில் பாதி நிரப்பி வைத்தேன். டாக்டர் அம்மா சீசாவை வாங்கிச் சோதித்தார். நல்ல மருந்து. யாரிடம் தப்பு என்று தேடி, கட்டுப் போட்ட நர்ஸ் கையைச் சரியாகக் கழுவவில்லை என்று முடிவு செய்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது கண் போய்விட்டது.

தம்பி இடது கண்ணை யாரையும் தொடவிடவில்லை. டீச்சர் கெஞ்சினாள், காலில்கூட விழுந்தாள். "இதுல இருக்கிற கொஞ்ச வெளிச்சமாவது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டான். மருந்து விட்டது தன் கைதானே என்று டீச்சருக்கு ஒரு எண்ணம் பிடித்துக்கொண்டது. தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கரும்பலகையில் எழுதும்போது கை நடுங்குகிறது என்று நீண்ட விடுப்பு எடுத்தாள். நான் அவளுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்தேன். சமையலறை டப்பாக்களைப் பற்றி அதன் பிறகு அவள் எதுவும் சொன்னதில்லை.

தூரிகையைக் கையில் வைத்தேன். தம்பி கீழே போட்டுவிட்டான். "இனி வேண்டாம்க்கா" என்றான். ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்து டிராம் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். படமோ பாதியில் நிற்கிறது, வெல்வெட்காரர் நாள் தவறாமல் ஆள் அனுப்புகிறார். யாராவது முடிக்க வேண்டாமா?

முதலில் டீச்சரைச் சுரண்டினேன். நிஜ டீச்சர் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். சின்னக் கத்திதான், பென்சில் சீவினால் நன்றாகச் சீவும். குடை போனது, விடைத்தாள் போனது, சிரிப்பு கடைசியில் போனது. வண்ணம் காய்ந்துவிட்டதால் கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது. சத்தம் கேட்டுத் தம்பி திரும்பினான்.

"என்னக்கா பண்ற?"

"தூசி தட்டுறேன்டா."

"டிராம் ஸ்டாப்புல அவ இருக்காளா?"

"இருக்கா."

"தொட்டுப் பார்க்கட்டுமா?"

எழுந்து கையை நீட்டிக்கொண்டு வந்தான். நான் அவன் விரலைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி, விளக்குக் கம்பத்தில் வண்ணம் தடித்திருந்த இடத்தில் வைத்தேன். மெதுவாகத் தடவினான். "குடை" என்றான். "ஆமா" என்றேன். அவன் முகம் மலர்ந்தது. அந்த மனிதனுக்கு நான் கொடுத்த சந்தோஷங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மீதியை நான் போட்டேன். மூட்டம், ஈரம், நீலம், எல்லாம்.

அருங்காட்சியகத்தில் நேற்றுத் திறந்தார்கள். தம்பியை மேடையில் உட்காரவைத்துச் சால்வை போட்டார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவன் சொல்வதாக இருந்த வேடிக்கையைச் சொல்லவில்லை. "எல்லாம் எங்க அக்கா பார்த்துக்கிட்டா" என்றான். கைதட்டினார்கள், அக்காவுக்கு நன்றி சொல்கிற பண்புக்காக. பிறகு கூட்டம் படத்தைச் சூழ்ந்துகொண்டது. நான் முன்னாலேயே போய் நின்றுகொண்டேன். ஒரு விமர்சகர், தாடிக்காரர், டீச்சர் இருந்த இடத்தைக் கையால் காட்டினார். "இந்த வெறுமையைப் பாருங்க. இங்க யாரோ இருந்து போன மாதிரி ஒரு வலி இருக்கு. ஒரு ஆயுசு முழுக்கப் போராடினவன்தான் இப்படி ஒரு இடத்தைப் போட முடியும்." எல்லாரும் தலையாட்டினார்கள். நான் அவர் பக்கம் திரும்பி நின்றேன். அவர் என் தோளை லேசாகத் தொட்டு, "அம்மா, கொஞ்சம் தள்ளிக்குங்க, படம் மறைக்குது" என்றார்.

தள்ளிக்கொண்டேன். காலையில் எழுந்து, குளித்து, இங்கே வந்துவிட்டேன்.

எழுதுகிறவர் 'மனம் வருந்தி' என்று எழுதியிருக்கிறார், இங்கிருந்தே தெரிகிறது. அடித்துவிடச் சொல்லுங்கள். அந்த நர்ஸுக்காக என்று போட்டாலும் சரியாக இருக்காது. அவள் வேலை போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. வலது கண்ணை நான்தான் கெடுத்தேன், தெரிந்தே கெடுத்தேன். அதை எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த மூட்டம் என்னுடையது. படத்துக்குக் கீழே பித்தளைத் தகட்டில் அவன் பெயர் இருக்கிறது. அதை எடுக்க உங்கள் துறையிலிருந்து ஒரு உத்தரவு போதும் என்று நினைக்கிறேன்.

தம்பியை விசாரித்துவிட்டுத்தான் முடிவு செய்வீர்களா? தாராளமாக விசாரியுங்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கள், மருந்தைப் பற்றிக் கேளுங்கள், நான் அவனை எப்படிக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன் என்று கேளுங்கள். படத்தை யார் போட்டது என்று மட்டும் அவனிடம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். அவன் சொன்னால் அது எப்படிச் செல்லும்? அவனுக்குத்தான் கண் தெரியாதே.